பன்னிரண்டாவது நாற்காலி

"கர்ட் லின்ட்னரைத் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க" என்றார் நீதிபதி.

ஜூரிக்கு ஆள் பொறுக்க நீதிமன்றக் கூடத்துக்கு வரவழைத்திருந்த நாற்பது பேரில் முப்பத்தொன்பது கைகள் மேலே போயின. தூக்காத ஒரே ஆள் நார்பர்ட் வாங்கரின். அடுத்த நொடியே தன்னைத்தானே நொந்துகொண்டார். ஒரு பொய்க் கையைத் தூக்கியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

"முகம் தெரிஞ்சா பரவாயில்ல" என்றார் நீதிபதி. "சொந்தம், பகை, பங்காளி, இதெல்லாம் இருந்தா மட்டும் சொல்லுங்க."

வடக்கு விஸ்கான்சினில் அந்த மாவட்டத்தில் யாரைத் தொட்டாலும் யாருக்காவது மச்சான். கர்ட்டின் பெரியப்பா மகன் விடுபட்டுப் போனான். கர்ட்டுக்குப் பல் பிடுங்கிய டாக்டர் போனார். அவனோடு ஒரே அணியில் பந்து விளையாடிய நான்கு பேர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சனிக்கிழமை மான் வேட்டை சீசன் தொடங்குகிறது. வழக்கோ அடுத்த வாரம் வரை இழுக்கும்.

நார்பர்ட்டுக்குத் துப்பாக்கி பிடிக்கக்கூடத் தெரியாது. அவருடைய பிரச்சினை வேறு. கர்ட் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்தைச் செய்தவர் அவர்தான்.

போன பிப்ரவரியில், விடியற்காலையில், மாவட்டத்தின் பனி தள்ளும் லாரியை ஏரிக்கரையில் ஓட்டிக்கொண்டிருந்தார். சீஸ் சாண்ட்விச்சைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரிக்க ஒரு கணம் குனிந்தார். நிமிர்ந்தபோது லாரி கரையிலிருந்து பனிக்கட்டிமேல் இறங்கியிருந்தது; மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீப்பின் மைத்துனர் ரோலண்ட் உறைந்த ஏரிமேல் மீன்பிடிக்கப் போட்டிருந்த மரக்குடில் லாரியின் பனி தள்ளும் தகட்டுக்கு முன்னால் வழுக்கிக்கொண்டு போய், பாறையில் மோதிச் சிதறியது. உள்ளே யாரும் இல்லை. சுற்றிலும் யாரும் இல்லை. நார்பர்ட் லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம் இருந்தது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மதுக்கடையில், வறுத்த மீன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "உன் குடிலை விறகாக்கிடுவேன்டா" என்று ரோலண்டிடம் கத்தியவன் கர்ட். அவன்மேல் வழக்குப் போட அது போதுமாக இருந்தது. தண்டனை கிடைத்தால் சீஸ் ஆலை வேலை போய்விடும். அவன் மனைவி இரண்டாவது வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

ஜூரியில் சேராமல் நழுவிவிட வேண்டும், அவ்வளவுதான் நார்பர்ட்டின் திட்டம். கர்ட்டின் தலைவிதியை வேறு பன்னிரண்டு பேர் பார்த்துக்கொள்ளட்டும்.

கர்ட்டின் வக்கீல் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

"மாவட்டத்துக்கு லாரி ஓட்டுறேன். அரசாங்கச் சம்பளம்" என்றார் அழுத்தமாக. அரசாங்க ஆளை எந்த வக்கீல் வைத்துக்கொள்வாள்?

"அப்போ ஏரி, பனி, சக்கரத்தடம் எல்லாம் அத்துப்படி. நல்லதாப் போச்சு."

"என் வீட்டுல ஒரு தடவை திருட்டுப் போச்சுங்க. அதுலேர்ந்து குற்றவாளின்னாலே எனக்கு ஆகாது."

"திருடனைப் பிடிச்சாங்களா?"

"எங்கே? ஷெரீப் ஆபீஸ்லேர்ந்து வந்து எட்டிக்கூடப் பார்க்கல."

வக்கீல் பூரித்துப்போய்க் குறித்துக்கொண்டாள். நார்பர்ட் நாக்கைக் கடித்துக்கொண்டார். சரி, இனி அரசு வக்கீல் விரட்டிவிடுவார்.

"உங்களுக்குப் போலீஸ்மேல கோபமா?" என்று அவர் எழுந்தார்.

"ரொம்ப."

"உங்க சொந்தக்காரங்க யாராவது போலீஸ்ல இருக்காங்களா?"

இவருக்கு இன்னும் எரிச்சல் மூட்ட வேண்டும். "தம்பி இருக்கான். சிகாகோவுல. பேச்சுவார்த்தை கிடையாது."

அரசு வக்கீல் நீதிபதியைப் பார்த்துச் சிரித்தார். "போலீஸ்காரர் அண்ணன், போலீஸ்மேல கோபம். ரெண்டும் சமமாப் போச்சு. இந்த ஊர்ல இவரைவிட நடுநிலையான ஆள் கிடைக்கமாட்டார் மேடம்."

"இல்லினாய்ஸ்காரர்தானே, நம்ம வம்பு எதுலயும் இல்லாதவர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பத்தொன்பது வருஷம் இங்கே பனி தள்ளியும் அவர் இன்னும் பக்கத்து மாநிலத்து இல்லினாய்ஸ்காரர்தான். அந்தப் பட்டம் இப்படிக் கழுத்தறுக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

இதற்கிடையில் வரிசையாக ஒவ்வொருவராக, "ஜட்ஜம்மாகிட்ட தனியா ஒரு விஷயம் சொல்லணும்" என்று எழுந்து பக்கத்து அறைக்குள் போனார்கள். ஐந்து நிமிஷத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிவந்து உட்கார்ந்தார்கள்.

"அப்படி என்னதான் சொன்னீங்க?" என்று பக்கத்தில் இருந்த பால் பண்ணைக்காரரிடம் கேட்டார் நார்பர்ட்.

"வெளிய சொல்லக்கூடாதுன்னு உத்தரவு" என்றார் அவர் எரிச்சலோடு. "சொல்லியும் ஒரு பிரயோஜனமும் இல்ல."

பதினோரு நாற்காலிகள் நிரம்பிவிட்டன. காரணம் சொல்லாமல் ஆளை நீக்கும் வாய்ப்புகளை இரு வக்கீல்களும் தீர்த்துவிட்டிருந்தார்கள். அப்போது கர்ட் திரும்பி நார்பர்ட்டைப் பார்த்தான். பார்த்து, லேசாகத் தலையை ஆட்டினான். ஊர்ச் சண்டையில் சேராத ஒரு மனுஷன் கிடைத்துவிட்டான் என்ற நன்றி அந்தப் பார்வையில் இருந்தது. குழந்தை தன் தாயின் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

நார்பர்ட்டுக்கு வெட்கமாக இருந்தது. மிச்சமிருக்கும் ஐந்து மாதச் சம்பளத்துக்கு ஒரு குடும்பத்தை விற்க வந்திருக்கிறோமே என்று நெஞ்சு எரிந்தது. எழுந்தார்.

"மேடம், எனக்கும் தனியா ஒரு விஷயம் சொல்லணும்."

பக்கத்து அறையில் நீதிபதி, இரு வக்கீல்கள், மூலையில் குறிப்பெடுக்கும் கோர்ட் எழுத்தர் வெல்மா. நார்பர்ட் தொப்பியைக் கசக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார். லாரி, சாண்ட்விச், பாறை, தகட்டில் ஒட்டியிருந்த குடிலின் பச்சைப் பெயின்ட்.

"அந்தப் பையன் நிரபராதி. இடிச்சது நான். என் வேலையை எடுத்துக்கோங்க, உள்ள போடுங்க. அவனை வீட்டுக்கு அனுப்புங்க."

சொல்லி முடித்ததும் ஒன்பது மாதமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. கண்ணீரே வந்துவிட்டது. விலங்குக்காக இரண்டு கைகளையும் நீட்டினார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தார். வக்கீல்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வெல்மா நோட்டில் ஒரு கோடு போட்டாள்.

"காலையிலேர்ந்து 'நான்தான் இடிச்சேன்'னு வந்ததுல நீங்க ஏழாவது ஆள், அந்தப் பால் பண்ணைக்காரர் பெயின்ட் கலர்கூடச் சொன்னாரு" என்றாள் அவள். "மான் எங்கேயும் ஓடிடாது, போய்ப் பன்னிரண்டாவது நாற்காலியில உட்காருங்க."