பிஸ்கட் டின்னுக்குள் ஒரு மோடம்

நான் உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டு லேண்ட்லைனை யாரும் வெட்ட முடியாது என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை சபதம் செய்தேன். சத்தமாகவே செய்தேன். என் சபதங்கள் சாதாரணமாக மறுநாள் பல் தேய்க்கும்வரை தாங்கும். இது பதினேழு நாள் தாங்கியது. அந்த வகையில் எனக்குப் பெருமைதான்.

காரணம் என் மனைவி. அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருக்கிறாள். நடுங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பேசிப் பேசியே நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள். வாயைத் திறந்த பிறகுதான் அவர்களுக்கே தெரியும், மாட்டிக்கொண்டோம் என்று. அன்று அவள் மூன்று கம்பெனிகளின் விளம்பரத் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தாள்.

"என்னங்க, மழை பெஞ்சா நெட் போயிடுது. காத்து அடிச்சா போயிடுது. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினா போயிடுது. கம்பியே இல்லாத நெட் வாங்கிடலாம்."

"வாங்கிக்கோயேன். நல்லதுதானே."

"அப்போ லேண்ட்லைனை வெட்டிடலாம்."

"அது எதுக்கு?"

"அந்த வயர்லதானே இப்போ நெட் வருது? அது வேண்டாம்னா வயர் எதுக்கு, போன் எதுக்கு? கடைசியா அதுல யார் பேசினாங்க?"

"போன வாரம்கூட மணி அடிச்சுதே!"

"ராங் நம்பர். அவரோட நீங்க பத்து நிமிஷம் பேசினீங்க."

"பாவம், நல்ல மனுஷன்."

"அவருக்கு முதுகு வலின்னு எங்கிட்ட வந்து சொன்னீங்க."

அந்த இடத்தில்தான் சபதம் செய்தேன்.

அவள் கத்தவில்லை. "சரிங்க" என்றாள். இருபத்தெட்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன், அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை. "சரிங்க" என்றால்தான் பயம்.

அடுத்த இரண்டு நாளும் யார் யாரிடமோ இரவல் வாங்கிய செல்போன்களோடு அறை அறையாக நடந்தாள். போன மாதக் காலண்டர் தாளின் பின்புறம் வீட்டின் படம் வரைந்து, எங்கே எத்தனை புள்ளி சிக்னல் என்று குறித்தாள். முதல் கம்பெனிக்குச் சமையலறையில் ஒரு புள்ளி, மற்ற இடங்களில் பூஜ்யம். இரண்டாவது கம்பெனி குளியலறையில் மட்டும் பிரமாதமாக வந்தது. மூன்றாவதுக்கு ஒரே ஒரு இடத்தில் முழுசாக நாலு புள்ளி. எங்கள் மகளின் அறை ஜன்னல்.

"இவங்களே பதினாலு நாள் சும்மா குடுக்கறாங்க. பிடிக்கலேன்னா திருப்பி எடுத்துக்குவாங்களாம்."

"வேலை செய்யலேன்னா?"

"உங்க லேண்ட்லைன் இருந்துட்டுப் போகட்டும்."

"செஞ்சா?"

"வெட்டறதுக்கு நீங்க கையெழுத்துப் போடணும். கனெக்‌ஷன் உங்க பேர்ல இருக்கு."

ஒப்புக்கொண்டேன். அந்த நிமிடமே எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

திங்கட்கிழமை கம்பெனி ஆள் வந்து, மகளின் அறை ஜன்னல் விளிம்பில் மோடம் என்று வெள்ளையாக ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனார். சோப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது. நெற்றியில் நாலு பச்சை விளக்கு. நாலும் எரிந்தன.

நான் லிஃப்ட் மெக்கானிக். படித்தவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். நாலு பக்கமும் இரும்பு இருந்தால் உள்ளே சிக்னல் வராது. மனைவி துணி தைக்கும் ஊசி, பொத்தான் எல்லாம் போட்டு வைத்திருந்த பழைய பிஸ்கட் டின்னைக் காலி செய்தேன். வயர் போக விளிம்பில் ஒரு வெட்டு. பெட்டியின் மேல் கவிழ்த்து, திரையை இழுத்து மறைத்தேன். அந்த அறைக்குள் நாங்கள் அதிகம் போவதில்லை.

அன்று மாலை அவள் செல்போனில் சமையல் நிகழ்ச்சி பார்த்தாள். சமைக்கிறவர் கரண்டியைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். நாங்கள் சாப்பிட்டு முடித்தோம். அவர் இறக்கவில்லை.

"என்ன நெட்டோ!" என்றேன்.

"ம்."

"நம்ம வயர்ல வந்தா இதுக்குள்ள பரிமாறியே இருப்பாரு."

"ம்."

கம்பெனி ஆளைக் கூப்பிட்டாள். அவர் வருவதற்குள் டின்னை எடுத்துவிட்டேன். நாலு பச்சை விளக்கு. "இவ்வளவு நல்ல சிக்னலை நான் பார்த்ததே இல்லைம்மா" என்று போனார். டின்னைக் கவிழ்த்தேன். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி எடுத்தேன். மூன்றாவது தடவை அவர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரிப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி சண்டைக்குத் தன்னை ஏன் இழுக்கிறார்கள் என்ற பார்வை.

இவ்வளவும் எதற்கு என்று உங்களுக்குச் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

மகள் ஹாஸ்டலில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இந்த லேண்ட்லைனில்தான் கூப்பிடுவாள். செல்லில் கூப்பிட்டால் நான் ஏதாவது லிஃப்டுக்குள் இருப்பேன். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு ஞாயிறு. கடைசிப் பரீட்சை எழுதாமல் இன்ஜினியரிங்கை விட்டுவிட்டதாகச் சொன்னாள். நாய்களுக்கு முடி வெட்டும் கடையில் சேர்ந்துவிட்டாளாம். சந்தோஷமாக இருக்கிறாளாம்.

"நாய்க்கு முடி வெட்டறவ எனக்குப் பொண்ணே இல்லை. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதே" என்று சொல்லி ரிசீவரை வைத்தேன். வைத்த கையை எடுப்பதற்குள்ளேயே தப்பு என்று தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கூப்பிடுவாள், அப்போது சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

அதிலிருந்து ஞாயிறு பத்து மணிக்குப் போன் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். நடுவில் ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் உடனே வைத்துவிடுவேன். அந்த நேரம் பார்த்து அவள் கூப்பிட்டுவிட்டால்?

நானே கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே சிக்கிக்கொண்டவர்கள்தான் மணி அடிக்க வேண்டும். அடித்தால் ஓடிப்போய்த் திறப்போம். அடிக்காத லிஃப்டை யாரும் திறப்பதில்லை.

பதினாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி. பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து எதிரே உட்கார்ந்தாள். மடியில் பிஸ்கட் டின்.

"என் பொத்தானெல்லாம் எங்கேங்க?"

"பொத்தானா? எனக்கென்ன தெரியும்?"

"உங்க சட்டைப் பையில கிலுகிலுன்னு கேக்குதே, அதுவா?"

பேப்பரை மடித்தேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாம் நாளே. இத்தனை வருஷமா நான் எப்பக் கூப்பிட்டாலும், 'லிஃப்டுக்குள்ள இருந்தேன், சிக்னல் இல்லை'ன்னு சொன்னது யாரு? நெட் வரலேன்னதும் வீட்டுல எந்த இரும்பு டின் காணோம்னுதான் முதல்ல பார்த்தேன்."

"அப்புறம் ஏன் அந்த ஆளை மூணு தடவை கூப்பிட்டே?"

"நீங்க ஓடி ஓடி டின்னை எடுக்கறதப் பார்க்கத்தான். இந்த வீட்டுல நான் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு?"

அவள் இப்போது சிரிக்கவில்லை. டின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் போன் அடிக்காதுங்க."

"எது?"

"அவ இதுல கூப்பிட மாட்டா. கூப்பிடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க பேச்சை அவ கேட்டது அது ஒண்ணுதான்."

மடித்த பேப்பரை மறுபடி மடித்தேன்.

"உங்கிட்டப் பேசறாளா?"

"தினம். மத்தியானம், கிளினிக்ல டாக்டர் சாப்பிடப் போறப்போ."

"ரெண்டு வருஷமாவா? என்னைப் பத்தி ஏதாவது கேப்பாளா?"

"ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா. 'அந்த லேண்ட்லைன் இன்னும் இருக்காம்மா?'ன்னு. இருக்குடின்னு சொல்லுவேன். 'சரிம்மா'ன்னு வேற பேச்சுக்குப் போயிடுவா."

நான் அதைத் திறந்து வைத்த கதவு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவளோ, கதவில் நான் எழுதிப் போட்ட பலகை இன்னும் தொங்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"முதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? 'அவளே இறங்கி வரட்டும்'னு இன்னொரு சபதம் பண்ணியிருப்பீங்க. அதுக்குத்தான் மழை மேலயும் காத்து மேலயும் பழியைப் போட்டேன்."

ஃபார்மை நீட்டினாள். பேனாவும் அதிலேயே செருகியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறிகூடப் போட்டு வைத்திருந்தாள். நாள் பார்த்தேன். அதில் நான் சபதம் செய்த அந்த வெள்ளிக்கிழமைத் தேதி இருந்தது.

புதன்கிழமை லைனை வெட்டினார்கள். அன்று வேலையிலிருந்து வந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

லைன் போய்விட்டது என்று மகளிடம் மனைவி சொல்லியிருந்தாள். அடுத்த ஞாயிறு காலையிலேயே சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டேன். மகளின் அறையில், அவளுடைய டிராயிங் போர்டில் சாய்த்து மனைவி தன் செல்போனை நிறுத்தி வைத்தாள். ஜன்னலில் நாலு பச்சை விளக்கு. சொல்ல வேண்டியதை எல்லாம் இரண்டு வருடமாக மனப்பாடம் செய்திருந்தேன். முதல் வரி, 'தப்பு என்மேலதாம்மா.'

பத்து மணிக்கு அடித்தது.

மகள் தெரிந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு, அது எனக்குத் தெரியாத தழும்பு. மடியில் பாதி முடி வெட்டிய ஒரு நாய். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், நாயையும் சேர்த்து.

"அப்பா" என்றாள்.

எனக்கு வாய் திறந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, இறங்கவும் இல்லை. இமைத்தால் இறங்கிவிடும் என்று இமைக்காமல் நின்றேன்.

"அம்மா, அப்பா அப்படியே நின்னுட்டாரு. அங்கே சிக்னல் இல்லையா?"

மனைவி ஜன்னல் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சிக்னல் எல்லாம் நல்லாத்தான் இருக்குடி. அப்பாதான் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்காரு. வெச்சுடாதே, இரு."