வருத்தத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்

பயிற்சிப்புலி என்று ஓர் இனம் உண்டு. காட்டில் தேடாதீர்கள், மாதா கோயில் பாடற்குழுவில் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். பாட்டு பிடித்திருக்கிறதா என்று கேட்டால் முழிக்கும். எத்தனை தடவை வாசித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், முகமெல்லாம் பல்லாகிவிடும்!

திரேஸ்புரத்து டெரன்ஸ் இதில் அசல் ரகம். பகலில் துறைமுகத்தில் கிளியரிங் வேலை. சரக்குப் பேப்பரைப் பார்க்கிற அதே மூஞ்சியோடுதான் சாயங்காலம் பாட்டையும் பார்ப்பார். யாராவது கொஞ்சம் உருகிப் பாடிவிட்டால் போச்சு, கை உயரும். "பிசிறு! முதல்ல இருந்து!" கிறிஸ்மஸ் பாட்டை அவர் பழக்கி முடிக்கும்போது, பாலன் பிறந்த சந்தோஷம் ஒருவரிடமும் மிஞ்சாது, பாட்டு முடிந்த சந்தோஷம்தான் மிஞ்சும்.

இந்த மகானுடைய மாமனார் பாஸ்கல் படுக்கையில் விழுந்தார். டாக்டர் கையை விரித்தார். டெரன்ஸின் மனைவி பிலோமினாவுக்கு ஒரே ஆசை: கடலுக்குப் போகும்போதெல்லாம் அப்பா முணுமுணுத்த மாதா பாட்டை அடக்கப் பூசையில் வாசிக்க வேண்டும், பெட்டியைத் தூக்கும்போது அதைக் கேட்டு அவள் வாய்விட்டு அழ வேண்டும். சொன்னதுதான் தாமதம், மாமனாருக்கு மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மனுஷன் அடுத்த அறையில் ஆரம்பித்துவிட்டார். அடப்பாவி, கதவையாவது சாத்தக்கூடாதா?

"மாப்ள, அந்தப் பாட்டு எனக்கா?" பாஸ்கல் படுக்கையிலிருந்தே கேட்டார்.

"ஆமா மாமா."

"சுதி நல்லாத்தான் இருக்கு. வருத்தத்தத்தான் காணோம்."

"அதக் கடைசில சேத்துக்கிடலாம் மாமா. முதல்ல டைமிங் வரட்டும்."

டைமிங் வந்தது. மாமனார் போய்ச் சேர்ந்தார். பூசை முடிந்து பெட்டியைத் தூக்கினார்கள். டெரன்ஸ் வாசித்தார்; சுத்தம், துல்லியம், ஒரு குறை சொல்ல முடியாது; கேட்ட சனம் கண்ணைத் துடைப்பதை விட்டுவிட்டு செல்போனைப் பார்த்தது. பிலோமினாவுக்கு மட்டும் நெஞ்சு வெடித்தது. "எப்பா!" என்று அலறினாள். தாளம் இடறியது. பழக்கதோஷம், டெரன்ஸின் கை உயர்ந்தது. மைக்கிலேயே சொன்னார்: "பிசிறு! முதல்ல இருந்து!"

தூக்கியவர்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

பிலோமினா திரும்பினாள். "எங்கப்பா ஒரு தடவதாங்க போவாரு. அத ஆஃப் பண்ணுங்க."

டெரன்ஸ் கீபோர்டை நிறுத்தினார். அவளே பாடினாள். பாதி வரி அழுகையில் போனது. பெட்டி தூக்கியவர்களே விசும்பினார்கள். அந்தப் பாட்டில் எங்கெங்கே சுதி விலகியது என்று டெரன்ஸ் இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். வெட்கங்கெட்ட மனுஷன்.

சிரிக்கிறீர்களா? நல்லது, சிரியுங்கள். நேற்று உங்கள் மகள் ஆசையாக ஒரு பாட்டுப் பாடிக் காட்டினாளே, முடித்ததும் நீங்கள் முதலில் சொன்னது என்ன?