கட்டையண்ணனும் இறக்கத்துத் தேரும்

உலகத்தில் எந்தப் பொருளையும் நம்பாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் கட்டையண்ணன். நிற்கிற பொருள் எப்போது வேண்டுமானாலும் ஓடிவிடும் என்பார். ஓடுகிற பொருள் தானாக நிற்கவே நிற்காது என்பார். மனிதர்களை நம்பினார். பொருள்களை நம்பவில்லை.

ஆள் ஆறடி. கையில் எப்போதும் ஒரு பலாக்கட்டை. அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலில் மட்டும் இருந்தது.

இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் மூடுபனி இறங்கி வருகிற தோட்டம் எங்களுடையது. வெள்ளைக்காரத் துரை காலம். நான் தேயிலைப் பெட்டி வண்டி ஓட்டினேன். தோட்டத்திலிருந்து மாத்தளை ரயில் நிலையம் வரைக்கும் இறக்கமும் வளைவும்தான். கட்டையண்ணன் வண்டிக்குப் பின்னால் நடப்பார். வண்டி நின்றால் சக்கரத்துக்கு அடியில் கட்டையை வைப்பார். அது அவர் வேலை. வேலை முடிந்த பிறகும் வைத்துக்கொண்டே இருந்தார். அதுதான் கோளாறு.

மடியில் சின்னச் சின்னக் கட்டைகள் வைத்திருப்பார். தேநீர்க் கடையில் கோப்பைக்கு ஒன்று வைப்பார். உட்காரும் பெஞ்சுக்கு இரண்டு. ஒரு தடவை தூங்குகிற நாய்க்குப் பின்னால் ஒன்று வைத்தார். நாய் விழித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் தூங்கியது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை உட்காரும் பலகைக்கு நாலு பக்கமும் கட்டை வைத்தார்.

பெண்ணின் அப்பாவுக்குக் கோபம். "ஏன்யா, மாப்பிள்ளை ஓடிருவாருன்னு பயமா?"

"அவரைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. பலகையைப் பத்தித் தெரியும்."

ஒரு நாள் பெரிய கங்காணி மாத்தளைக்குப் புறப்பட்டார். நடக்க மாட்டார். பெட்டிகளுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். தலைப்பாகை, கோட்டு, குடை எல்லாம் உண்டு. இறக்கத்தில் ஓர் உடும்பு குறுக்கே வந்தது. மாடுகள் இரண்டும் அப்படியே நின்றுவிட்டன. வண்டியும் நின்றது. கங்காணி நிற்கவில்லை. மாடுகளின் தலைக்கு மேலே பறந்து, பக்கத்து வயல் சேற்றில் போய் உட்கார்ந்தார். குடை மட்டும் விரிந்தபடி மெதுவாக வந்தது.

"டேய்! வண்டி நிக்குதுன்னா சொல்ல மாட்டீங்களாடா?"

கட்டையண்ணன் கட்டையை வைத்துவிட்டு நிதானமாகத் திரும்பினார். "நிக்கச் சொல்லி உடும்பு மாட்டுக்குச் சொல்லுச்சு. மாடு வண்டிக்குச் சொல்லுச்சு. உங்களுக்குத்தான் யாரும் சொல்லலீங்க. நீங்க பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்தீங்க."

நான் சிரிக்கவில்லை. மாட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து கங்காணிக்கு அவரைக் கண்டால் ஆகாது.

துரையிடமும் இதே பேச்சுத்தான். துரை காட்டுப்பன்றியைச் சுட்டார். பன்றியும் விழுந்தது, துரையும் விழுந்தார். துப்பாக்கி கெட்டுப்போயிற்று என்று துரை கத்தினார். கட்டையண்ணன் முன்னால் போய்க் கை கட்டி நின்றார். "துப்பாக்கி நல்லாத்தான் இருக்குதுங்க தொரைகளே. குண்டை அந்தப் பக்கம் தள்ளினா, உங்களை இந்தப் பக்கம் தள்ளத்தானே செய்யும். பன்னி யாரு தொரை யாருன்னு அதுக்குத் தெரியுமா?" துரைக்குத் தமிழ் அரைகுறை. தலையாட்டினார். தப்பித்தோம்.

தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் இதையெல்லாம் கேள்விப்பட்டு வண்டிப் பேட்டைக்கே வந்தார். "அண்ணே, நீங்க சொல்றது பூராவும் இங்கிலீசுப் புத்தகத்துல இருக்குது" என்றார்.

கட்டையண்ணன் முகம் மாறிவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி எழுதினாங்க?"

அந்த வருடம் கங்காணி அம்மன் கோயிலுக்குப் புதுத் தேர் செய்து கொடுத்தார். அதுவரைக்கும் அம்மனைத் தோளில் சுமந்துதான் இறக்குவோம். புதுத் தேருக்கு நாலு வண்டிச் சக்கரம். நல்ல உயரம், நல்ல கனம். கோயில் மேட்டில் இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் லயங்களும் அங்கேதான். கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோர் பள்ளத்தில். தேர் கோயிலில் புறப்பட்டு ஸ்டோர் வரைக்கும் இறங்க வேண்டும். பிறகு ஏற வேண்டும்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு வெறும் தேரை இழுத்துப் பார்த்தோம். முன்னால் கயிறு. எட்டு ஆட்கள். கட்டை போடக் கட்டையண்ணன்.

"இறக்கத்துல இழுக்க வேணாங்க. பின்னால கயிறு கட்டிப் புடிக்கத்தான் ஆள் வேணும்" என்றார்.

"தேரைப் புடிக்கிறதா? அது என்ன திருடனா?" என்றார் கங்காணி. "இழுங்கடா!"

இழுத்தார்கள். இருபது அடி வரைக்கும் எட்டுப் பேர் தேரை இழுத்தார்கள். அதற்குப் பிறகு தேர் எட்டுப் பேரை விரட்டியது. தேர்க் கயிற்றைக் கைவிட்டால் பாவம். அதனால் கயிற்றோடு ஓடினார்கள். அவர்கள் ஓட ஓடத் தேர் இன்னும் வேகமாக வந்தது. கட்டையண்ணன் கட்டையை வீசினார். சக்கரம் அதன் மேல் ஏறிக் குதித்துக்கொண்டு போனது. வளைவில் ஆட்கள் திரும்பினார்கள். தேர் திரும்பவில்லை. நேராகத் தேயிலைச் செடிக்குள் போய் நின்றது.

கங்காணி கட்டையண்ணனிடம் வந்தார். "கட்டை சரியாப் போடல. உன் பிழை."

"ஓடுற சக்கரம் கட்டையை மதிக்காதுங்க. நிக்கிறதுக்குத்தான் கட்டை. பின்னால கயிறு..."

"அம்மாவைப் பின்னால இழுத்தா தோட்டம் விளங்குமா? இன்னொரு தடவை கயிறுன்னு சொல்லாத. திருவிழா அன்னைக்குத் தேர் ஓடுச்சுன்னா, உனக்குப் பத்துச்சீட்டுத்தான்."

பத்துச்சீட்டு என்றால் வேலையை விட்டுக் கழிக்கும் சீட்டு. அது வந்தால் லயத்து அறையும் போய்விடும். கட்டையண்ணனுக்கு வேறு இடம் கிடையாது. சொந்தமென்று ஆட்களும் கிடையாது.

"எங்க போவீங்க?" என்று கேட்டேன்.

"வில்கமுவப் பக்கம் போகலாம். அங்க பூமி தட்டையாம்."

"நல்லதுதானே?"

"தட்டையான ஊர்ல எனக்கு என்ன வேலை?"

அன்று மாலை லயம் லயமாகப் போய்க் கேட்டார். பின்னால் யாராவது பிடிப்பீர்களா என்று. ஒருவரும் வரவில்லை. புண்ணியம் எல்லாம் முன் கயிற்றில்தான். பின்னால் நின்று சாமியை இழுத்தவன் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? என்னிடமும் கேட்டார். நானும் மாட்டேன் என்றேன்.

திருவிழா அன்று காலையில் அவர் பூசாரியைப் பிடித்துக்கொண்டார். கொழுந்து எடுக்கும் ராக்காயி பக்கத்தில் சுண்டல் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாமி, தேர்ல முன்பக்கம் எது?"

"அம்மா முகம் பாக்கிற பக்கம்."

"இறங்கையில அம்மா எதைப் பாப்பா?"

"ஸ்டோரை."

"அது தொரையோடது. அதை ஏன் பாக்கணும்? லயத்தைப் பாக்கட்டுமே. மேல பாத்து உக்கார வைங்க. இறங்கையிலயும் நம்மளப் பாப்பா, ஏறையிலயும் நம்மளப் பாப்பா."

பூசாரி தயங்கினார். ராக்காயி விடவில்லை. "நல்லாத்தானே சொல்றாரு அண்ணன்! வருசம் பூரா ஸ்டோரைப் பாத்துச் சாகிறோம். அம்மாவுமா பாக்கணும்? திருப்புங்க சாமி!"

பெண்கள் சேர்ந்து குலவை போட்டார்கள். பூசாரி அம்மனை மேட்டைப் பார்த்து வைத்தார். கயிறு அம்மனுக்கு முன்னால் கட்டப்பட்டது. அதாவது மேட்டுப் பக்கம்.

கங்காணி குளித்து, பட்டு உடுத்தி வந்து பார்த்தார். பள்ளத்துப் பக்கம் கயிறு இல்லை. மேட்டுப் பக்கம் அம்மன் சிரிக்கிறாள். தோட்டம் முழுவதும் கயிற்றுக்கு அடித்துக்கொள்கிறது. இடுப்பில் சொருகியிருந்த கடதாசியைத் தொட்டுப் பார்த்தார். பத்துச்சீட்டு. முன்கூட்டியே எழுதி வாங்கி வந்திருந்தார். புண்ணியம் போய்விடும் என்று அவரும் ஓடிப் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

கட்டையண்ணன் சக்கரத்துக்கு அடியிலிருந்த கட்டையை எடுத்தார். தேர் இறங்கவில்லை.

அறுபது பேர் மேலே இழுத்தால் எப்படி இறங்கும்? கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு மெதுவாகக் கோயிலுக்குள்ளேயே திரும்பிப் போகப் பார்த்தது.

"இருவது பேர் விடுங்க!" என்று கட்டையண்ணன் கத்தினார்.

"நீ விடு!" என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். யாரும் விடவில்லை.

வியர்த்துவிட்டது அவருக்கு. சுற்றிப் பார்த்தார். ராக்காயி சட்டியோடு ஓரமாக நின்றாள்.

"ராக்காயி! சட்டியைத் திற!"

திறந்தாள். மணம் அடித்தது. "சுண்டலோய்!" என்று கட்டையண்ணன் கத்தினார். கயிற்றில் பாதிப் பேர் காணாமல் போனார்கள். தேர் அசைந்தது. இறங்கியது. பத்தடி, இருபதடி. வேகம் எடுத்தது.

"மூடு! மூடு!"

மூடினாள். போனவர்கள் சுண்டலை மென்றுகொண்டே ஓடி வந்து கயிற்றைப் பிடித்தார்கள். தேர் நின்றது. சக்கரத்துக்குக் கட்டை விழுந்தது.

இப்படியே போனோம். சட்டி திறந்தால் தேர் இறங்கும். மூடினால் நிற்கும். வளைவில் அரைவாசி திறந்து வைத்தாள் ராக்காயி. தேர் கல்யாணப் பெண் மாதிரித் தலையைக் குனிந்து திரும்பியது. இழுத்தவர்கள் எல்லோரும் அம்மன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினோம். தேர் இழுக்கிறவன் சாமிக்கு முதுகைக் காட்டாத திருவிழா அது ஒன்றுதான்.

ஸ்டோர் வாசலில் தேர் நின்றபோது கட்டையண்ணன் கங்காணியைத் தேடினார். கங்காணி ஓரமாக நின்று தின்றுகொண்டிருந்தார். நாலு தடவை கயிற்றை விட்டுப் போய் வாங்கியிருக்கிறார். ஏனம் இல்லாததால் இடுப்பிலிருந்த கடதாசியைச் சுருட்டி அதில் வாங்கியிருக்கிறார். எண்ணெய் ஊறி எழுத்தெல்லாம் போய்விட்டது.

கட்டையண்ணன் பக்கத்தில் போனார். "அந்தச் சீட்டுங்க..."

"எந்தச் சீட்டு?" என்றார் கங்காணி. கடதாசியைக் கசக்கிச் செடிக்குள் எறிந்தார். "ஏறையில சட்டியை மூடியே வைக்கச் சொல்லு. உப்பு வேற கூடிப்போச்சு."

கட்டையண்ணன் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். நெடுநேரம் எழும்பவில்லை.

எனக்குச் சுண்டல் பிடிக்கும். அன்று பதினொரு தடவை சட்டி திறந்தது. கட்டையண்ணனிடம் மாட்டேன் என்று சொன்ன நான் ஒரு தடவையும் கயிற்றை விடவில்லை. அம்மனுக்காக இல்லை.