பானெட்டைத் திறக்காதே!

திடீரென்று கார் நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிடுவது பழைய பழக்கம். அந்த ஊரில் நாகரிகம் வளர்ந்துவிட்டது. அங்கே மின்சித்தரைக் கூப்பிட்டார்கள்.

நெடுஞ்சாலையோரம் பழைய கிடங்கு ஒன்றில் அவர் அருள்பாலித்தார். காலையிலேயே வாசலில் கார் வரிசை வளைந்து நிற்கும். பாதி தள்ளிக்கொண்டு வந்தவை, பாதி கயிறு கட்டி இழுத்து வந்தவை. சித்தர் பணத்தைக் கையால் தொடமாட்டார். அவ்வளவு பற்றற்றவர். அதனால்தான் தூணுக்குத் தூண் ஸ்கேன் அட்டை ஒட்டியிருந்தார்கள்.

முறை எளிது. சாவியைச் சீடனிடம் கொடுக்க வேண்டும். வண்டியைத் திரை போட்ட 'தோஷ சுத்தி அறை'க்குள் தள்ளுவார்கள். சொந்தக்காரர்கள் கூடத்தில் கண்ணை மூடி உட்கார வேண்டும். கொஞ்ச நேரத்தில் வண்டி வெளியே வரும். சித்தர் கண்ணேறு கழிப்பார். சாவியைத் திருகினால் உயிர் வந்துவிடும். அப்புறம் பானெட்டின் மேல் ஒரு சிவப்புக் கயிறு. "இதை அவிழ்த்துப் பானெட்டைத் திறந்தால் தோஷம் திரும்பிவிடும்" என்பது எச்சரிக்கை. உயிர் வராத வண்டிகளும் உண்டு. அவற்றின் சொந்தக்காரர்கள் பாவிகள்.

இந்தக் கயிற்றைத் தன் காரில் பெருமையோடு கட்டிக்கொண்டவர்களில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். என்ன பாடம் என்று கேட்கிறீர்களா? இயற்பியல்!

அவருடைய மருமகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கயிற்றைப் பார்த்துச் சிரித்ததோடு விட்டிருந்தாள். மாமனாரோடு மாமியாரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போன அன்று, பாலத்தின் நடுவில் கார் நிற்கும்வரை.

விளக்கில்லை, ஹார்ன் இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. வெயில் கொளுத்தியது. பின்சீட்டில் மாமியாருக்கு மூச்சு இரைத்தது.

"பானெட்டைத் திறங்க மாமா, என்னன்னு பார்ப்போம்."

"தொடாதே! கயிறு கட்டியிருக்கு. சித்தருக்கு போன் போட்டிருக்கேன்."

"அத்தைக்கு மூச்சு வாங்குது. சித்தரா வந்து ஊசி போடப் போறாரு?"

பின்னால் வந்த ஒரு ரொட்டி வேன்காரர்தான் மாமியாரையும் மருமகளையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். வாத்தியார் காருக்குக் காவல் நின்றார். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். மருமகள் நேராகப் பாலத்துக்குத் திரும்பினாள், கயிற்றை அவிழ்த்தாள், பானெட்டைத் தூக்கினாள். பேட்டரி மேல் இருந்த கவ்வி, ஒற்றை விரல் பட்டதும் ஆடியது. அழுத்தி முறுக்கினாள். கார் உறுமியது.

"பார்த்தியா? அங்கிருந்தே சரிபண்ணிட்டார்!" என்றார் வாத்தியார்.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இவரிடம் வாதாடிப் பயனில்லை, சோதித்துத்தான் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அடுத்த ஞாயிறு, "வாங்க மாமா, நன்றி சொல்லிட்டு வருவோம்" என்று அழைத்துப்போனாள். அவர் டோக்கன் வாங்கப் போன நேரத்தில் கயிற்றை அவிழ்த்து, பானெட்டைத் திறந்து, மெயின் ஃபியூஸைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கயிற்றைப் பழையபடி கட்டினாள்.

"மாமா, வண்டி மறுபடியும் செத்துப்போச்சு!"

"பாரு, சந்நிதிக்கு வந்ததும் தோஷம் வெளிய தெரியுது!"

சுத்தி அறைக்குள் கார் போனது. கூடத்தில் எல்லோரும் கண்ணை மூடினார்கள். கார் வெளியே வந்ததும் சித்தர் அதைச் சுற்றி வந்து மோப்பம் பிடித்தார்.

"சொந்தத்தில் ஒருத்தியின் பொறாமை. வயரெல்லாம் கருகிக் கிடந்தது. கழித்துவிட்டேன். சாவியைத் திருகு!"

கார் உறுமியது. கூட்டம் கைதட்டியது. வாத்தியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி, யாராவது பானெட்டைத் திறந்தாங்களா?" என்று மருமகள் பவ்யமாகக் கேட்டாள்.

"இரும்பில் கை பட்டால் அருள் போய்விடும், மகளே. இங்கே எல்லாம் பார்வைதான்."

"உள்ளே எதையும் மாத்தலையே?"

"தூசியைக்கூடத் தொடவில்லை!"

அவள் கைப்பையைத் திறந்து ஃபியூஸை உயர்த்திக் காட்டினாள். "இது இல்லாம இந்த வண்டி ஓடாது. வெளிய நிக்கும்போது நான்தான் கழட்டினேன். பொறாமைக்காரி நானே. யாரும் திறக்கலைன்னா இது இருந்த குழி இப்ப காலியா இருக்கணும். மாமா, பானெட்டைத் திறங்க."

சித்தருக்கு முகம் கறுத்தது.

"திறக்காதே! திறந்தால் வீட்டில் படுத்திருப்பவள் எழுந்திருக்க மாட்டாள்!"

அந்த ஒரு வார்த்தை அதிகமாகிவிட்டது. பாலத்தில், மூச்சுக்குத் தவித்தபடி தன் சட்டையைப் பிடித்த மனைவியின் விரல்கள் வாத்தியாரின் கண்முன் வந்தன.

"அன்னிக்குத் திறக்காததாலதான்டா அவ எழுந்திருக்காம போயிருப்பா!" என்று கத்தினார். கயிற்றை அறுத்தெறிந்து பானெட்டைத் தூக்கினார்.

குழிக்குள் பளபளவென்று புத்தம்புது ஃபியூஸ்.

"சாமி, இதைக் கடவுள் எந்தக் கடையில வாங்கினார்?" என்று கேட்டாள் மருமகள்.

கூட்டம் சீடனைச் சூழ்ந்துகொண்டது. ஊரில் கடை போட்டும் பிழைக்க முடியாமல் போன எலக்ட்ரீஷியன் அவன். இரண்டு உலுக்கில் உண்மை உதிர்ந்தது. சின்னப் பழுதுகளைத் திரைக்குப் பின்னால் அவன்தான் சரிபண்ணினான். கூடவே பேட்டரிக் கவ்வியைக் கொஞ்சம் தளர்த்தியும் அனுப்பினான்.

"தளர்த்தி ஏன்டா விட்டே?" என்று கேட்டார் வாத்தியார்.

"நல்லா முறுக்கிட்டா யாரு சார் திரும்பி வருவாங்க?"

இதற்குள் சித்தர் பின்வாசல் வழியாகப் பறந்துவிட்டார். சித்து எதுவும் இல்லை, வெறும் கால்கள்தான். வேலி தாண்டியவரைப் போலீஸ்காரர்கள் பேருந்து நிறுத்தத்தில் பிடித்தார்கள்.

வீட்டுக்குப் போனதும் வாத்தியார் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதார். "போதும் விடுங்க. இனிமே மருமக சொல்றதைக் கேளுங்க" என்றாள் அந்த அம்மாள்.

"நான் சொன்னாலும் சோதிச்சுப் பார்த்துத்தான் கேட்கணும், அத்தை" என்றாள் மருமகள்.

கிடங்கு வாசலில் அன்று நடந்த கடைசிக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு கனவான், விஷயம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இவர் போலி. நல்ல சித்தர் வேற யாராவது பக்கத்துல இருக்காரா?" என்று விசாரித்தாராம்.

காரின் பானெட்டைத் திறக்க ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு பிடி இருக்கிறது, இழுத்தால் போதும். மண்டைக்கு அப்படி ஒன்றை யாரும் பொருத்தித் தரமாட்டார்கள். அதை அவரவர்தான் திறந்தாக வேண்டும், ஐயா!