துளசியின் நேர்காணலும் என் மனத்திடமும்

குனோங் ராபாட், ஈப்போ
ஞாயிற்றுக்கிழமை

பேரன்பும் பெருமதிப்பும் உடைய அக்கா சரோஜாதேவி அவர்களுக்கு, தம்பி சுகுமாரன் தலைவணங்கி எழுதிக்கொண்டது. தெலுக் இந்தானில் தாங்களும் அத்தானும், முக்கியமாக அத்தானின் முழங்காலும், நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சுபாஷினியும் மகள் துளசியும் நலம். தாங்கள் என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன், இரண்டு வரிக்கு மேல் கை ஓடமாட்டேன் என்கிறது, அதனால் இனி நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வாட்சாப் இருக்க இவன் ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்பாய். வாட்சாப்பில் எதை அனுப்பினாலும் நீ ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பிவிடுகிறாய். இது கட்டைவிரலில் முடிகிற விஷயம் இல்லை.

துளசிக்கு மருத்துவப் படிப்புக்கான எழுத்துத் தேர்வு போன மாதமும், நேர்காணல் போன புதன்கிழமையும் முடிந்தன. கிடைத்தால் சபா மாநிலத்தில்தான் சேர வேண்டும். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரம், கீழே முழுக்கக் கடல், படிப்பு ஐந்து வருஷம். நான் முழு மனதோடு சம்மதித்துவிட்டேன். பக்கத்து வீட்டில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், கார் கழுவுகிற கடையில் யாரும் கேட்காமலே சொன்னேன். ஆனால் நீ சுபாஷினிக்குப் போன் போட்டு, அவன் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, நான் வந்து ஒரு வாரம் இருக்கட்டுமா என்று விசாரித்தாயாம். என்ன அக்கா இது, எனக்கு ஐம்பத்தேழு வயசாகிறது. நான் கல்லு மாதிரி இருக்கிறேன். என்னைப் பார்க்க நீ பஸ் ஏறி வரவேண்டிய அவசியமே இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்து நேர்காணல் எப்படி என்று உனக்குத் தெரியாது. ஒரு மேசை, மூன்று பெரிய மனிதர்கள் என்பதெல்லாம் போய்விட்டது. பத்து அறை. ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும், இரண்டு நிமிஷம் வாசிக்க வேண்டும், மணி அடிக்கும், உள்ளே போக வேண்டும், ஆறு நிமிஷத்தில் மறுபடி மணி, வெளியே வந்து அடுத்த கதவு. ஓர் அறையில் கேள்வி கேட்பார்கள், இன்னோர் அறையில் நோயாளியாக நடிக்க ஆள் வைத்திருப்பார்கள், அவர் அழுவார் அல்லது ஏசுவார், பிள்ளை அவரைத் தேற்ற வேண்டும். இதற்கென்று டவுனில் ஒரு டியூஷன் இருக்கிறது, அங்கே எப்படித் தலையாட்டுவது என்பதற்கே ஒரு சனிக்கிழமை முழுக்க வகுப்பு. நில அலுவலகத்துக் கவுண்டரில் முப்பத்து மூன்று வருஷம் உட்கார்ந்து பட்டா தொலைத்தவன் எல்லாரிடமும் ஏச்சு வாங்கிய எனக்குத் தெரியாத கோபக்காரர்களா? நானே நடத்துகிறேன் என்று வீட்டையே நேர்காணல் மண்டபமாக மாற்றினேன். படுக்கையறை மூன்று, ஹால், சமையலறை, பின்பக்கம் துணி துவைக்கிற இடம், கார் நிறுத்துகிற இடம், குளியலறை என்று எட்டு தேறியது. பத்துக்கு இரண்டு குறைகிறதே என்று காரின் முன் சீட்டை ஒன்பதாவது அறையாகவும் பின் சீட்டைப் பத்தாவது அறையாகவும் அறிவித்தேன். மணிக்கு எங்கே போவது? பூசை மணியை எடுத்தேன். சாமிக்கு அடிக்கிற மணியை எடுத்துக் குளியலறை வாசலில் நின்று அடிக்கிறீங்களே, வெளங்குமா என்று சுபாஷினி கத்தினாள். பிறகு புளி போட்டுத் தேய்த்து வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துச் சமாளித்தேன்.

சமையலறைக் கதவில் நான் ஒட்டியது, இரண்டு மணி நேரம் காத்திருந்து கோபத்தில் இருக்கும் நோயாளி. அதற்குச் சுபாஷினியைப் போட்டேன். அவள் நடிக்கவே இல்லை. நான் மத்தியானம் மீன் வாங்கி வருகிறேன் என்று போய்ச் சாயங்காலம் வந்த கதை, உன் தம்பியைக் கட்டிக்கொண்ட கதை, ஆக இருபத்தெட்டு வருஷத்தையும் ஆறு நிமிஷத்தில் சொல்லி முடித்தாள். துளசி பொறுமையாகக் கேட்டு, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது அம்மா, இதைப் பற்றி மேலதிகாரியிடம் பேசுகிறேன் என்றாள். மேலதிகாரி நான்தான். கார் நிறுத்துகிற இடத்தில் பக்கீர் முகம்மது பாய். முன் வரிசையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாரே, போன தீபாவளிக்கு வந்தபோது உனக்குக்கூட நெய்ச்சோறு கட்டிக் கொடுத்தாரே, அவர்தான். சர்க்கரை வியாதியில் கால் புண்ணாகி, மருந்து வேண்டாம் என்று அடம்பிடிக்கிறவராக நடிக்க வேண்டும். முதல் இரண்டு நிமிஷம் நன்றாகத்தான் நடித்தார். துளசி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதுக்குப் பயப்படுறீங்க மாமா என்று கேட்டாள் பார், மனுஷர் உடைந்துவிட்டார். "நெசமாவே எனக்குச் சக்கரை இருக்கு புள்ள. எட்டு மாசமா மாத்திரய கடைப் பின்னால லோங்காங் சாக்கடையில போட்டுட்டு இருக்கேன். வீட்டுல லத்தீபாவுக்குத் தெரியாது லா" என்று சொல்லித் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் மணி அடிக்கிறேன், அடிக்கிறேன், யாரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை கடையை மகனிடம் விட்டுவிட்டு அவர் கிளினிக்குக்குப் போனார், துளசியும் கூடப் போனாள். அன்றைக்கு அந்த ஒன்பதாவது, பத்தாவது அறை நடக்கவே இல்லை.

அவள் இப்படிக் கதவு கதவாய் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று வாரமும் எனக்கு உன் ஞாபகம்தான். எழுபத்தெட்டில் உனக்கு ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி வேலைக்கு, நர்ஸ் பயிற்சிக்கு, ஈப்போவில் நேர்காணல் என்று ரப்பர்த் தோட்டத்து ஆபீசுக்குக் கடிதம் வந்ததும், மேல் டிவிஷன் லயத்தில் இருந்த அத்தனை வீடுமே பரீட்சைக்குப் படித்ததே. எனக்குப் பத்து வயசு. தண்ணீர்க் குழாயில் வாளியோடு நிற்கிற பெண்கள் எல்லாம் உன்னை நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா, ஆம்பிளைக்கு ஊசி போடச் சொன்னால் போடுவியா என்று அவரவருக்குத் தெரிந்ததைக் கேட்டார்கள். சிரிக்காதே, சிரித்தால் வேலை கொடுக்கமாட்டான் என்று அம்மா விடியலில் பெரட்டில் பேர் கொடுக்கப் போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகும். நீ அந்தியில் லயத்துக்குப் பின்னால் போய் ரப்பர் மரங்களைப் பார்த்து இங்கிலீஷில் பதில் சொல்வாய், நான் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு துரை குரலில் கேள்வி கேட்பேன். ஆபீஸ் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி மகளின் சப்பாத்து உனக்கு இரண்டு சைஸ் பெரிசு, முனையில் பஞ்சு அடைத்துக் கொடுத்தார்கள். பஸ்ஸைப் பிடிக்க ரப்பர் ஷீட் லாரியில்தான் போக வேண்டும், அந்த நாற்றம் சேலையில் ஏறக்கூடாது என்று அம்மா அரை டின் பவுடரை உன்மேல் கொட்டிற்று. லாரி தூசிக்குள் போகும்போது நீதான் அந்தத் தூசியைக் கிளப்பிவிட்ட மாதிரி இருந்தாய். சாயங்காலம் எண்ணெய் இறங்கிய பொட்டலத்தில் எனக்கு வாழைப்பழம் பொரித்த பீசாங் கோரேங் வாங்கி வந்தாய். அதன் பிறகு எத்தனை ஊரில் எத்தனை கடையில் தின்றாலும் எனக்கு அது அந்தச் சாயங்காலம்தான். அந்த லயம் இப்போது இல்லை, அந்த இடம் பூராவும் செம்பனை மரம், அதற்கெல்லாம் நான் அழுகிற ஆள் இல்லை. ஆனால் நீ படித்த அந்த நாட்கள் எனக்கு வேண்டும் போல இருக்கிறது, அதை யாரிடம் போய்க் கேட்பது? உனக்கு வேலை கிடைக்கவில்லை. கிடைக்கலடா என்று நீயே வந்து சொன்னாய். அப்பா ஒரு மாதம் அரசாங்கத்தைத் திட்டினார், நீ ஆயாக் கொட்டகையில் பிள்ளைகள் பார்க்கப் போனாய், பிறகு அத்தான் வந்தார். அந்த நேர்காணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கண் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன். நேர்காணல் கோலாலம்பூரில். விடியற்காலையிலேயே கிளம்பி, சிம்பாங் பூலாய் டோல் தாண்டியதும் நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன், தாப்பாவில் சுபாஷினி என் கேள்வித்தாளைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுவிட்டாள். துளசி உள்ளே போய் மத்தியானம்தான் வெளியே வந்தாள். திரும்பி வருகிற வழியில் காரில்தான் எல்லாம் சொன்னாள். முதல் கதவில் தாளை வாசித்து நின்றாளாம். மணி அடித்தது. மற்ற கதவுகளில் நின்ற பிள்ளைகள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள். இவள் கண்ணை மூடிக் கை கூப்பிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். சின்ன வயசிலிருந்து பூசை மணிச் சத்தம் கேட்டால் அவள் கை அப்படித்தான் போகும், மூன்று வாரம் நான் வேறு விடாமல் அடித்திருக்கிறேன், வீட்டில் பயிற்சி நடந்தபோதும் ஒவ்வொரு தடவையும் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள், நேரம் போகிறதே என்று எனக்கு உறைக்கவில்லை. உள்ளே இருந்த மலாய்க்காரப் பேராசிரியை அம்மா பிள்ளைக்குத் தலைசுற்றுகிறது என்று நினைத்துத் தண்ணீரோடு எழுந்து வந்துவிட்டாராம். இவள் பூசை மணி, குளியலறை, கார் சீட்டு என்று ஒன்று விடாமல் ஒப்பித்திருக்கிறாள். அந்த அம்மா சிரித்து, உன் அப்பா டாக்டரா என்று கேட்டாராம். இல்லை, நில அலுவலகம் என்றாளாம். ஓ, அப்படியா என்று சொல்லி எதையோ எழுதிக்கொண்டாராம். அழுது நடிக்கிற அறை ஒன்றும் வந்ததாம், பக்கீர் மாமா அளவுக்கு அவர் அழவில்லை, எனக்குப் பயமே இல்லை என்றாள்.

பத்தாவது அறையில்தான் வினை. வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர் மட்டும் உட்கார்ந்திருந்து, இவ்வளவு தூரம் வந்து படித்தால் உன் வீட்டில் யாருக்கு ரொம்பக் கஷ்டம் என்று கேட்டிருக்கிறார். இதற்கு நான் பதில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். யாருக்கும் கஷ்டம் இல்லை, குடும்பம் முழு ஆதரவு தருகிறது என்று. இவள் சொன்னதைக் கேள்.

"எங்கப்பாவுக்குத்தான் சார்னு சொன்னேன்பா. எங்க அத்தைக்கு மிஸ்ஸி வேலை கெடைச்சிச்சு, தம்பி ஏங்கிப் போயிருவான்னு போகாம இருந்துட்டாங்க, அந்தத் தம்பிதான் எங்கப்பான்னு சொன்னேன். இந்தத் தடவ அவரு அழுதாலும் நான் போவேன்னும் சொல்லிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் காரை ஓரங்கட்டினேன். அக்கா, இது என்ன கதை? வாரா வாரம் சனிக்கிழமை அவள் உன்னோடு போனில் பேசுவது எனக்குத் தெரியும், நீதான் இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைக்குத் தைரியம் வரட்டும் என்று நீ ஒரு கதை கட்டியிருந்தால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக இப்படியா? உனக்குக் கிடைக்கவில்லை என்பது மேல் டிவிஷனுக்கே தெரியும். இப்போது என்னடாவென்றால் ஒரு பல்கலைக்கழகத்தின் கோப்பில் நான் அழுமூஞ்சி என்று ஏறிவிட்டது. அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம், அதற்குள் மணி அடித்துவிட்டதாம். ஆகவே நீ அடுத்த சனிக்கிழமை துளசியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு. நான் யாரையும் எப்போதும் தடுத்தவன் இல்லை, இனியும் தடுக்கமாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லு, முழங்காலுக்குத் தைலம் தேய்க்காமல் அவர் தூங்க வேண்டாம். குடும்பத்துக்குப் பெரியவளாகிய நீ அங்கே இருந்தபடியே இந்தப் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தித் துளசியை வாழ்த்தினால் போதும், அது இடையில் இருக்கிற ஆற்றைத் தாண்டி வந்து சேர்ந்துவிடும். நீ வர வேண்டாம்.

இப்படிக்கு,
கல்லு மாதிரி இருக்கிற உன் தம்பி,
சுகுமாரன்

பி.கு.: இதை ஒட்டித் தபால் தலையும் வைத்து, மூன்று வாரமாகப் பெட்டியில் போடாமல் வைத்திருந்தேன். நேற்று முடிவு வந்துவிட்டது. துளசிக்குக் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் பதினான்காம் தேதி போக வேண்டும். உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன்.

மேலே எழுதியதை எல்லாம் நீ படிக்காத மாதிரி வைத்துக்கொள். கதை கட்டியது நீ இல்லை. உனக்குக் கிடைத்தது. பினாங்குக்கு வந்து சேரச் சொன்ன கடிதத்தை உன் டிரங்குப் பெட்டியில் பாவாடைக்குக் கீழே பார்த்தேன், பத்து வயசில் நான் மலாய் நன்றாகவே வாசிப்பேன். நீ போக வேண்டிய வாரம் எனக்கு வந்தது காய்ச்சல் இல்லை. உடம்பு சுடட்டும் என்று இரண்டு அக்குளிலும் வைத்த வெங்காயம். மூன்று நாள் அப்படியே கிடந்தேன், நீ நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய், சேர வேண்டிய நாள் போய்விட்டது. உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்றுதான் நாற்பத்தேழு வருஷமாய் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் சமைத்தது நீதானே அக்கா. வெங்காயம் குறைந்ததும் என் சட்டை நாறியதும் உனக்கா தெரியாமல் போயிருக்கும்? நேற்றுத்தான் இது என் புத்திக்கு எட்டியது.

இன்று காலை துளசிக்கு விமான டிக்கெட் எடுத்தோம். அதன் பிறகு நான் சமையலறையில் வெங்காயக் கூடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேனாம். என்ன வேணும் என்று சுபாஷினி கேட்ட பிறகுதான் கையில் இருந்த இரண்டு வெங்காயத்தைக் கூடையில் திரும்பப் போட்டேன். துளசியை வழியனுப்ப இங்கே ஆள் இருக்கிறது. நீ பத்தாம் தேதியே வந்து என் பக்கத்தில் இரு.