குடும்பங்களுக்கு மட்டும்

"குடும்பங்களுக்கு மட்டும்" என்று பூங்கா வாசலில் மூன்று மொழிகளில் எழுதிப் போட்டிருந்தது. அவற்றில் ஒன்றை யோகநாதனால் வாசிக்க முடியும். வாசித்துவிட்டுத்தான் மகன் துவாரகனைத் தூக்கியபடி வரிசையில் நின்றான். இரண்டரை வயதுப் பிள்ளையே கையில் இருக்கும்போது குடும்பத்துக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்பது அவனுடைய நினைப்பு.

வாசற்காவலர் கலீலுர் ரஹ்மானின் நினைப்பு வேறு. அவர் பிள்ளையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. யோகநாதனின் முதுகுக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

"மேடம் கிதர்?"

மேடம் டியூட்டியில் இருக்கிறாள், ஒரு கிளினிக்கில் நர்ஸ் என்று யோகநாதன் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விளக்கினான். காவலர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார். மேடம் இல்லாமல் வருகிறவன் தனி ஆள். தனி ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை மாஃபி, அனுமதி கிடையாது. பிள்ளை கையில் இருந்தால் அவன் பிள்ளை வைத்திருக்கிற தனி ஆள், அவ்வளவுதான்.

1985 ஒக்டோபர் கடைசி. பஹ்ரைனில் இலையுதிர்காலம் என்றால் இலை ஒன்றும் உதிராது, ஏசியின் இரைச்சல்தான் ஓயும். அந்தச் சந்தோஷம் ஒன்றுக்காகவே ஈசா டவுனில் இருக்கிற எங்கள் சனம் பிள்ளைகளுக்குக் கம்பளித் தொப்பி மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடும். குளிராம்! துவாரகனும் தொப்பிக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். உள்ளே சறுக்குமரம் தெரிந்ததும் பெருங்குரலெடுத்து அழத் தொடங்கினான்.

வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. ஒரு ஃபிளாட்டில் மூன்று குடும்பங்கள், ஆளுக்கொரு அறை, சமைக்க எல்லோருக்கும் சேர்த்து ஒரே குசினி. டிசம்பருக்குள் கொம்பனி ஃபிளாட் கிடைக்காவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழும்பில் இருக்கிற தமையன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி சிவமலர் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள். பிள்ளை இல்லாத அந்த அறையை யோகநாதனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் அழுகிற பிள்ளையை ஏமாற்ற அன்றைக்கு அவனுக்கு மனம் வரவில்லை.

மதிலோரம் ஒரு பெண் தனியாக நின்றாள். விசாரித்தான். பெயர் நாகவள்ளி, ஊர் மலையகத்தில் ஹற்றன் பக்கம், வேலை ஓர் அரபு வீட்டில். கிழமையில் ஒரு பின்னேரம்தான் லீவு. ஆண் துணை இல்லாததால் அவளையும் உள்ளே விடவில்லையாம்.

யோகநாதன் தொண்டையைச் செருமினான்.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. வாசல் தாண்டும் மட்டும் எங்களோடை வாறியளோ?"

அவள் வெட்கப்படவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. பிள்ளையின் பெயர் என்ன, வயது என்ன, வாசலில் தன் பெயர் என்ன என்று மூன்று கேள்வி கேட்டாள். சிவமலர் என்று சொன்னதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"சரிங்க ஐயா. ஆனா வாசல்ல வச்சுத் தங்கச்சின்னு கூப்புட்டுறாதீங்க."

துவாரகனை வாங்கி இடுப்பில் வைத்ததும் அழுகை நின்றது. டியூட்டியில் இருந்த மேடம் எப்படி வந்தாள் என்பது காவலரின் கவலை இல்லை; மூவரையும் மேலும் கீழும் பார்த்து "அச்சா" என்றார். யோகநாதன் குடும்பஸ்தனாக உள்ளே போனான்.

உள்ளே போனதும் பிரிந்துவிடுவது என்று பேச்சு. அந்தப் பேச்சில் துவாரகனைச் சேர்க்காமல் விட்டதுதான் பிழை. அவன் நாகவள்ளியின் கழுத்தை விடுவதாக இல்லை. மூன்று பேருமாகச் சறுக்குமரத்தடிக்குப் போனார்கள். அங்கே கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நின்றார் சிவகுருநாதன்.

சிவகுருநாதன் யோகநாதனின் கொம்பனியில் நிர்வாக மனேஜர். யாருக்கு ஃபிளாட், யாருக்கு இல்லை என்று எழுதுகிற பேனா அவருடையது. குடும்பமாக இருக்காதவனுக்குக் குடும்ப ஃபிளாட் எதற்கு என்பது அவருடைய கட்சி. ஒழுக்கம் பற்றி மாதம் ஒரு சுற்றறிக்கை விடுவார். மனைவியை ஊருக்கு அனுப்பியதை மறைத்துக் குடும்ப ஃபிளாட்டில் குந்தியிருந்த ஒரு ஃபோர்மனைப் போன வருஷம் வேலையை விட்டே கலைத்தவர். அரபு முதலாளி வெள்ளி தோறும் இந்தப் பூங்காவுக்கு வருவார் என்பதால் இவரும் மனைவியோடு தவறாமல் ஆஜராவார் என்று கொம்பனிக் கந்தோரில் கதை. முதலாளி அடுத்தவன் மனைவியை ஏறிட்டும் பார்க்காத மரியாதைக்காரர். சிவகுருநாதன் தம்பதி தூரத்தில் நின்று ஒரு சலாம் வைத்தாலே போதும்.

பக்கத்தில் பட்டுச்சேலையும் கறுப்புக் கண்ணாடியுமாக அந்த அம்மா. வாயே திறக்கவில்லை. பெரிய இடத்துப் பெண் அப்படித்தான் இருப்பாள் என்று யோகநாதன் நினைத்துக்கொண்டான்.

உண்மையைச் சொல்ல ஒரு விநாடி இருந்தது. அந்த விநாடியில் அவனுக்குச் சுற்றறிக்கைதான் ஞாபகம் வந்தது.

"இது என்ரை மிஸிஸ், சேர். சிவமலர்."

சிவகுருநாதன் நாகவள்ளியைப் பார்த்தார். வந்த சிரிப்பு பாதியில் நின்றது. கையிலிருந்த கச்சான் சுருள் கீழே விழுந்தது. பிடித்துவிட்டார் மனுஷன் என்று யோகநாதனுக்கு உள்ளுக்குள் குளிர் எடுத்தது, தொப்பி போடாமலே.

போதாததற்குத் துவாரகன் நாகவள்ளியின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, "அன்ரி, சறுக்கு" என்றான்.

பெற்ற தாயை ஏன் அன்ரி என்கிறான் என்று சிவகுருநாதன் கேட்டார். வீட்டில் இங்கிலிஸ் பழக்குகிறோம் என்றான் யோகநாதன். சொன்ன பிறகு அது அவனுக்கே போதாதுபோல் பட்டது. சந்தேகத்தை அடியோடு அழிக்க மனைவியைப் புகழத் தொடங்கினான்.

"சிவமலர் சரியான கெட்டிக்காரி, சேர். ஒருக்கால் கண்ட முகத்தை மறக்கமாட்டா."

சிவகுருநாதன் கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். புகழ்ச்சி வேலை செய்கிறது என்று யோகநாதன் இன்னும் இரண்டு படி ஏறினான். கந்தோரில் உள்ள எல்லோருடைய மனைவிமாரும் அவளுக்குச் சிநேகிதம் என்றான். வெளியே போய் வந்தால் கண்டது கேட்டது அத்தனையையும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னமே தனக்கு ஒப்பித்துவிடுவாள் என்றான்.

"எல்லாம் சொல்லுவாவோ?"

"ஒண்டும் மறைக்கமாட்டா, சேர்."

அந்த நேரம் பார்த்து நாகவள்ளி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். கறுப்புக் கண்ணாடி அம்மா மற்றப் பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றாள். சரி, பெண்களுக்கும் விளங்கிவிட்டது, எல்லாம் போச்சு. யோகநாதன் மனதுக்குள் சிவமலரின் சூட்கேசைத் தூக்கி டாக்சியில் ஏற்றிவிட்டான். பிள்ளை கையசைத்தது. அதைத் தாங்க முடியவில்லை. காலில் விழுந்தாவது தப்பலாம் என்று முடிவுசெய்தான்.

"சேர், நான் உங்களிட்டை ஒரு உண்மையைச் சொல்லவேணும்..."

"ஒண்டும் சொல்லத் தேவையில்லை." சிவகுருநாதன் அவன் தோளைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்துப் போனார். "மூண்டாம் மாடி ஃபிளாட் உமக்குத்தான். சனிக்கிழமை காலமை வந்து திறப்பை எடும். உண்மை கிண்மை ஒண்டும் கந்தோரிலை கதைக்கப்படாது. கலாஸ், முடிஞ்சுது."

பட்டுச்சேலையைக் கையோடு கூட்டிக்கொண்டு அவர் வாசல் பக்கம் போன வேகம், வயதுக்கும் பதவிக்கும் பொருந்தாத வேகம்.

யோகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. துவாரகனின் தொப்பியைக் கழற்றி வியர்த்த தலையில் முத்தமிட்டான். மூன்றாம் மாடி. தனிக் குசினி. இனி யாரும் கொழும்புக்குப் போகப் போவதில்லை. ஆனால் பிடிபட்டவனுக்குப் பரிசு கொடுக்கிற மனேஜரை அவன் இதுவரை கேள்விப்பட்டதில்லை. என்ன யோசித்தும் கணக்குச் சரிவரவில்லை.

"தங்கச்சி, அந்த மனுசன் என்னைக் கண்டு ஏன் இப்பிடிப் பயந்தவர்?"

நாகவள்ளி துவாரகனைச் சறுக்குமரத்தின் உச்சியில் இருத்தி, தொப்பி இல்லாத தலையைத் தடவிவிட்டாள்.

"ஒங்களக் கண்டு இல்லீங்க ஐயா. போன வெள்ளிக்கெழம அவருக்கு நாந்தான் சம்சாரம்."