மேட்டு உச்சியில் காலியான பேட்டரி

பல் துலக்கிக்கொண்டே ஒரு பெரிய முடிவை அறிவித்தார் என் வீட்டுக்காரர். பழைய ஸ்கூட்டரை விற்கப் போகிறாராம்.

அவருக்குக் கார் கம்பெனியில் வேலை. பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் கார். எந்த இடத்தில் எது ஓடினால் செலவு குறையும் என்று கணக்குப் போட்டுக் காருக்குச் சொல்லிக்கொடுப்பார். வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. நான் சமையலறைக்கு இரண்டு நடை போனால், "ஒரே நடையில முடிச்சிருக்கலாமே" என்பார். அவர் கண்ணை ஸ்கூட்டர் உறுத்தாமல் இருக்குமா?

"அது குடிக்கிற பெட்ரோலுக்கு லாரியே ஓட்டலாம்."

"மூலையில நிக்குது. உங்ககிட்ட தீனியா கேக்குது?"

"இடம் கேக்குதே."

"சரி, பந்தயம். ஞாயித்துக்கிழமை உங்க அக்கா வீட்டுக்குப் போறோம்ல? ரெண்டு லிட்டருக்குள்ள கார் போய்ச் சேந்தா வித்துக்கங்க. தாண்டினா அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

சிரித்தார். "என்கிட்டயா? கணக்கைக் கடைசியிலேருந்து பின்னோக்கிப் போட்டுட்டு வரணும், தெரியுமா?"

"நானுந்தான். எட்டு மணிக்குச் சாப்பாடுன்னா அடுப்பை எப்பப் பத்த வைக்கணும்னு பின்னாலேருந்துதான் பாக்கறேன்."

"மேடு ஏறினதும் அக்கா வீடு வரைக்கும் இறக்கம். இறங்கறப்போ பேட்டரி தானா நிரம்பிடும். அதனால மேட்டு உச்சிக்குப் போறதுக்குள்ள அதைக் காலி பண்ணிடணும்."

"சுத்தமாவா?"

"துடைச்சு வச்ச மாதிரி."

"நல்லதுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தைக் கொண்டுபோவதுபோல ஓட்டினார். மகள் பின்சீட்டில் என் மடியில் தூங்கிவிட்டாள். உச்சி வந்தபோது பேட்டரி காலி, பெட்ரோலும் கணக்குக்குள்ளேயே. அவர் பாட்டு முணுமுணுத்தார்.

அங்கே ஒரு பெரிய பாறை உண்டு. கல்யாணமான புதிதில் அந்த ஸ்கூட்டரில்தான் வருவோம். மேடேறியதும் அதற்கு மூச்சு முட்டி நின்றுவிடும். சூடு ஆறும்வரை பாறையில் காத்திருப்போம். முன்பின் பேசிப் பழகாமல் கட்டிக்கொண்டவர்கள். இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவர். ஒவ்வொரு தடவையும் ஸ்கூட்டர் நிற்க நிற்க, கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்து சேர்ந்தோம்.

"என்னங்க, பாறை அப்படியே இருக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கார் நின்றது.

"ஏசி ஓடட்டும், பிள்ளை முழிச்சுக்கும்" என்று இறங்கிப் போய்ப் பாறையில் உட்கார்ந்தார். நான் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன்.

"இங்கதான நீ முதல்முதலா வாயைத் திறந்த?"

"ஆமா, 'பசிக்குது'ன்னேன்."

"அதுக்கப்புறம் மூடவே இல்ல."

"ஸ்கூட்டர் நிக்காம ஓடியிருந்தா தப்பிச்சிருப்பீங்க."

அவர் தன் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஏசிக்குப் பேட்டரியில் ஒன்றுமில்லை. கார் தானாகவே பெட்ரோல் எஞ்சினைப் போட்டுக்கொண்டது. பழைய கதையில் இருந்தவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. மகளைத் தட்டிக்கொடுத்தேன். வெயில் சாயும்வரை கதை ஓடியது, எஞ்சினும் ஓடியது.

அக்கா வீட்டு வாசலில் மீட்டர் இரண்டு லிட்டரைத் தாண்டியிருந்தது.

"ஏண்டா லேட்டு? மறுபடியும் அந்தப் பாறையா?" என்றார் நாத்தனார்.

"இவதான்க்கா நிறுத்த வச்சா."

"நான் எங்கங்க நிறுத்தச் சொன்னேன்? பாறை இருக்குன்னுதான் சொன்னேன்."

"ரோடு முழுக்கக் கணக்குல வச்சிருந்தேனே."

"பாறையை விட்டுட்டீங்க."

மறுநாள் காலையில் ஸ்கூட்டரைத் துடைக்க உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை, அவராகத்தான். வாளித் தண்ணீருக்கு ஒரு நடை, துணிக்கு ஒரு நடை.

"ஒரே நடையில முடிச்சிருக்கலாமேங்க" என்றேன்.